அப்பாவின் தோட்டா, ஹாரியின் அலமாரி

1

தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அன்று இருந்தவர்கள் நாலு பேர். துப்பாக்கியோடு என் அப்பா. கையைக் கட்டிக்கொண்டு, அம்பத்தூரில் அவர் காவல் பார்க்கும் நகைக்கடன் கம்பெனியின் புது மேனேஜர்; துப்பாக்கியைச் சுட்டுக் காட்டச் சொன்னது அவர்தான். சாட்சிக்கென்று ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு. யாரும் கூப்பிடாமலே வந்துவிட்ட என் சிநேகிதன் ஏழுமலை. இல்லாதவர்கள் மூன்று பேர். அம்மாவும் தங்கையும் பட்டாபிராம் வீட்டில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஒரு சின்ன ஊரில், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் இங்கே வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான் என்பதால், எது நடந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் நம்புகிறார்கள். இந்தத் துப்பாக்கி விஷயத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. இன்றுவரை குழப்பம்தான். எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

ஏழுமலை நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். நான் அந்த நேரத்தில் பூத்துக்குப் போன் செய்வேன். அப்பாவும் அம்மாவும் வந்து காத்திருப்பார்கள். அந்த வாரம் போனை எடுத்ததே ஏழுமலைதான்.

"மச்சான், உங்க நைனா பேச மாட்டேன்றாரு. வெளிய பெஞ்ச்ல குந்திகினு கீறாரு. நானே சொல்லிடறேன். மொத தோட்டா போட்டாரு. டிக்குன்னு ஒரு சவுண்டு, அவ்ளோதான். மேனேஜர் ஏட்டைப் பாக்குறான், ஏட்டு என்னைப் பாக்குறாரு. நான் யாரைப் பாக்குறது? ரெண்டாவது போட்டாரு. அதுவும் டிக்கு. உங்க நைனாவப் பாத்து ஏட்டு சொல்றாரு, 'இன்னா சவரி, துப்பாக்கின்னு சொல்லி டைப்ரைட்டர எடுத்தாந்துட்டியா?'ன்றாரு."

"அப்புறம்?"

"மூணாவது வெடிச்சுது. ஏரில நின்ன கொக்கெல்லாம் திருநின்றவூர் வரிக்கும் போயிருக்கும். ஆனா வெளிய வந்து வுழுந்த காலித் தோட்டா வாய்ப்பக்கம் கீஞ்சி கீது மச்சான். மேனேஜர் அத கைல எடுத்துப் பாத்தான். 'பொங்கலுக்குள்ள புதுத் தோட்டா, பில்லோட. இல்லன்னா கன்மேன் வேற ஆளைப் போட்டுக்கறோம்'னுட்டான்."

கன்மேன் என்றால் சொந்தத் துப்பாக்கியும் சொந்த லைசென்சும் உள்ள காவலாளி. அது இல்லாதவன் வெறும் வாட்ச்மேன். வாட்ச்மேனுக்கு அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஆக, தோட்டா இல்லையென்றால் அப்பாவுக்கு வேலை இல்லை.

2

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்பா ஒரு ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் ஜீப் ஓட்டினார். அவரை இன்றும் 'தொரை' என்றுதான் சொல்வார். தொரை நகரி மலைப்பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். அப்பா ஜீப்பை ஓட்டி, பன்றியைச் சுமந்து, சில நாள் சுடவும் செய்திருக்கிறார். பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. தொரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போவதற்கு முன்னால் அலைந்து திரிந்து அப்பா பேரில் லைசென்ஸ் வாங்கி, துப்பாக்கியையும் ஒரு டப்பா தோட்டாவையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் அப்போது கைக்குழந்தை.

அது மற்ற காவலாளிகளின் துப்பாக்கி மாதிரி நடுவில் மடியாது. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே துள்ளும், அடுத்தது உள்ளே ஏறும். குழலுக்கு அடியில் இன்னொரு குழல். அதற்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். தோட்டாவின் அடியில் 32 என்று பொறித்திருக்கும். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு எண் மட்டும் தெரியும்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றி சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போவார். ஸ்டேஷன் அறையில் இருக்கும் துப்பாக்கிகளில் எங்களுடையதுதான் பளபளவென்று இருக்கும் என்று பெருமை. தோட்டாவும் அப்படித்தான். அதற்குக் காரணம் அம்மா. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வீட்டுப் பித்தளைச் சாமான்களையெல்லாம் அம்மா புளி போட்டுத் துலக்குவாள். குடம், குத்துவிளக்கு, மாதா படத்துக்கு முன்னால் வைக்கும் மெழுகுவத்தித் தண்டு, அதோடு தோட்டாக்களும். அவையும் பித்தளைதானே. துலக்கி, கழுவி, கிணற்றடிச் சுவரில் துணி விரித்து வரிசையாக வெயிலில் நிறுத்துவாள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எண்ணிப் பார்க்கிற அதிகாரிகள், "பரவால்லையே, நேத்து வாங்கின மாதிரி வச்சிருக்கியே" என்பார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்வார். எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைப் பாராட்டி நான் கேட்டது அநேகமாக அது ஒன்றுக்குத்தான்.

3

தோட்டா வாங்க அப்பா மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடைகளை எல்லாம் பார்த்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்று போய் வருஷக்கணக்கில் ஆகிவிட்டது, இந்த அளவு நம் நாட்டில் செய்வதில்லை என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில். ஒரு கடையில் அந்தத் தோட்டாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ துப்பாக்கி விக்கிற ஊர்ல தான கீற நைனா" என்றார் அப்பா போனில். "ரெண்டே டப்பா. பில்லு கேட்டு வாங்கிக்க."

நான் இருக்கும் ஊரில் அது உண்மைதான். நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும் நாளன்று இங்கே பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. எங்கள் தொழிற்சாலையிலும் பாதி மெஷின்கள் நிற்கும். முதல் வருஷம் ஏதோ கலவரம் என்று பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு தெருவில் போனால் எனக்கு வேறென்ன தோன்றும்?

ஹாரியின் கடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆணி, பெயின்ட், பனி அள்ளும் மண்வாரி, மீன் தூண்டில், மிட்டாய், கடைசி அலமாரியில் தோட்டா, அதற்கு மேலே சுவரில் சில பழைய துப்பாக்கி. வெல்லமண்டியில் சோடா விற்கிற மாதிரி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அந்தோணி என்ற என் பெயரை அவர் டோனி ஆக்கி ரொம்ப நாளாகிறது. நான் "குண்டு வேண்டும்" என்று கேட்டேன்.

"குண்டு மட்டுமா, முழுத் தோட்டாவா? குண்டு முனையில் இருக்கிறது மட்டும்தான். அதை மட்டும் வாங்கினால் கையால்தான் எறிய வேண்டும்."

அளவைச் சொன்னேன். ஹாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அந்தக் கிழட்டுத் துப்பாக்கியை யாரப்பா உன்னிடம் கொடுத்தது?"

ஊரில் இருக்கும் அப்பாவுடையது என்றேன். ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரே ஒரு டப்பாவை எடுத்தார். தூசி. "இதுதான் இருக்கிறது. கம்பெனிக்காரன் வேட்டைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை கொஞ்சம் செய்வான். சில வருஷம் அதுவும் இல்லை. கேட்டால், வாங்குபவன் யார் என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்."

"ஏன் வாங்குவதில்லை?"

"கூர்மையான குண்டுதான் தூரம் போகும். உன் அப்பா துப்பாக்கியில் தோட்டா ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும். கூர்முனை முன்னால் நிற்பதன் பிட்டத்தில் குத்தினால் உள்ளேயே வெடிக்கலாம். அதனால் மொண்ணைக் குண்டுதான் போட முடியும். மொண்ணைக் குண்டு கிட்டத்தில்தான் சரி. இப்போதுள்ள பையன்களுக்குத் தொலைநோக்கி வைத்து அடுத்த மலையில் நிற்கிற மானைச் சுட வேண்டும். என் மகனே என் பழைய துப்பாக்கியைத் தொட மாட்டான். மகள் மானே சாப்பிட மாட்டாள்."

"அப்படியென்றால் இந்தத் தோட்டா இனி வராதா?"

ஹாரி பின்னறைக்கு அழைத்துப்போய் ஒரு வாளியைக் காட்டினார். நிறையக் காலித் தோட்டா. "இதில்தான் இருக்கிறது அதன் பிழைப்பு. கம்பெனி நிறுத்தினாலும், காலியை வைத்திருப்பவன் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தானே அடைத்துக்கொள்வான். காலியை மட்டும் தூக்கி எறியக் கூடாது."

எங்கள் ஊரில் சுட்ட தோட்டாவின் காலியைக் கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தானே அடைத்தால் ஜெயில். ஏரியில் வெடித்த அந்த ஒன்றையும், வாய் கிழிந்ததாக இருந்தாலும், அப்பா ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். இதைச் சொன்னதும் ஹாரி சிரிக்கவில்லை. "உங்கள் அரசாங்கத்துக்கு ரொம்ப நல்ல வாளி இருக்கும்" என்றார்.

டப்பாவை வாங்கினேன். என்ன வயது என்று மட்டும் கேட்டார். பால் பாக்கெட்டோடு சேர்த்து ஒரே காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். அப்பா கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஜிப்பாவும் கும்பிட்ட கையுமாக நின்று புதுப்பித்துக்கொள்ளும் உரிமை, எனக்குப் பாலோடு கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது.

4

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் "உள்ளே என்ன?" என்று கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. கேட்கிற இடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது. அவள் டப்பாவைத் தொடாமல் இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மேலதிகாரி வந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். விருந்தாளி என்பதாலா, ஓடிவிடக் கூடாது என்பதாலா, தெரியவில்லை. கடைசியில் மிகவும் மரியாதையாக, இனிமேல் இந்த மாதிரி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நியூயார்க்கில் நம் துணைத் தூதரகத்துக்குப் போன் செய்தேன். இங்கே ஏற்றுமதி அனுமதி வேண்டும், அங்கே இறக்குமதி லைசென்ஸ் வேண்டும், அதற்குத் துப்பாக்கி வைத்திருப்பவரே விண்ணப்பிக்க வேண்டும் என்றார் ஒருவர். அப்பா காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறினார். அங்கே கிளார்க் சொன்னதை எனக்கு அப்படியே சொன்னார்: "'அப்டி ஒரு அப்ளிகேஷன் பாரமே இல்லை பெரியவரே, உங்க புள்ளைய அமெரிக்காலேருந்து பாரத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லு'ன்றான் நைனா."

எல்லா இடத்திலும் எல்லாரும் சரியாகத்தான் பேசினார்கள். ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. டப்பா மட்டும் என் மேஜையிலேயே இருந்தது.

5

ஒரு சனிக்கிழமை ஹாரியிடம் அந்த ஏரிக் கதையைச் சொன்னேன். இரண்டு டிக், ஒரு வெடி, வாய் கிழிந்த காலி. "பழசாகிவிட்டால் அப்படி ஆகுமா?" என்று கேட்டேன்.

"ஆகலாம். ஆனால் உலர்ந்த இடத்தில் வைத்தால் என் தாத்தா காலத்துத் தோட்டாவே வெடிக்கும். எப்படி வைத்திருந்தார்கள்?"

நான் பெருமையாகவே சொன்னேன். வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மா துலக்கிக் கழுவி வெயிலில் வைப்பாள், புதுசு மாதிரி மின்னும் என்று.

"கழுவியா? எதனால்?"

புளிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லை. புளிப்பான ஒரு பழத்தின் சதை, அதோடு தண்ணீர் என்றேன்.

ஹாரி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "புளிப்பு பித்தளையை அரிக்கும். தண்ணீர் அடிப்பக்கம் உள்ளே இறங்கினால் மருந்து செத்துப்போகும்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அதனால்தான் என்று சொல்ல முடியாது டோனி. வயசாலும் இருக்கலாம். வெட்டிப் பார்த்தாலும் தெரியாது" என்றார்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை ஈஸ்டர். "பரவால்லையே" என்று ஒரு அதிகாரி சொல்ல, அதை அப்பா சுமந்து வந்து அம்மாவிடம் கொடுக்க, அடுத்த ஈஸ்டருக்கு அம்மா இன்னும் அழுத்தித் துலக்க. இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் அவர் அம்மாவைப் பார்க்கிற பார்வை மாறும். அம்மாவிடம் சொல்லவே முடியாது. சொல்லாமல் இருப்பது சரியா என்றும் தெரியவில்லை. நம் வீட்டில் முதலில் படித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மற்றவர்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்துவிடும்; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

6

டிசம்பரில் எனக்கு ஊருக்கு டிக்கெட் இருந்தது. ஏழுமலை உடனே வழி கண்டுபிடித்துவிட்டான்.

"சாக்லேட் டப்பால போட்டு எடுத்தாந்துடு மச்சான். மீனம்பாக்கத்துல ஒருத்தனும் சாக்லேட்ட தொறக்க மாட்டான். தொறந்தா ரெண்டு சாக்லேட்டு குடு."

"மாட்டினா?"

"மாட்டினா இன்னா, அமெரிக்காகாரன உள்ள வச்சா களி போடுவாங்களா? பர்கர் தான் போடுவாங்க."

சிரித்தேன். ஆனால் அன்று மாலையே ஒரு சாக்லேட் டப்பாவைக் காலி செய்து, தோட்டாக்களை அடுக்கிப் பார்த்தேன். கச்சிதமாக அடங்கின. மேலே ஒரு வரிசை சாக்லேட் பரப்பினால் தெரியவே தெரியாது. அப்பாவின் வேலை அந்த டப்பாவுக்குள் இருந்தது. என் விசா, என் வேலை, என் தங்கை கல்யாணத்துக்கு நான் அனுப்ப வேண்டியது எல்லாமும் அதே டப்பாவுக்குள்தான் இருந்தன. மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "சாக்லேட்டோட கொண்டு வரட்டுமாப்பா?"

ஏழுமலை விஷயத்தை முன்பே உளறியிருக்கிறான். ரயில் ஒன்று கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா பேச்சு பேசற நீ? லைசென்ஸு யாரு பேர்ல கீது?"

"உங்க பேர்லதான்."

"தொரை குடுத்த அன்னிக்கிலேருந்து அந்த துப்பாக்கில கணக்குல இல்லாத தோட்டா ஒண்ணு ஏறல. திருட்டுத் தோட்டாவ போட்டுகினு அடுத்தவன் நகைக்கு நான் காவல் நிக்கணுமா? நீ சாக்லேட்ட மட்டும் எடுத்துகினு வா. உன் தங்கச்சி கேட்டுகினே கீறா."

அவ்வளவுதான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மா வழக்கமாக, சாப்பிட்டியா, குளிருதா என்றுதான் தொடங்குவாள். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, நான் தேய்ச்சதுனாலயா?"

"என்னம்மா?"

"அந்த மூணாவது தோட்டா வாய் கீஞ்சிச்சே. ஏழுமலை காட்டுனான், ஸ்டேஷன்ல குடுக்கறதுக்கு முன்னால. உள்பக்கம் செவப்பா இருந்திச்சு. நம்ம ஊட்டு பழைய பித்தளச் செம்பு ஒண்ணு ஓட்டை வுழுந்திச்சு பாரு, அதும் இப்டிதான் செவந்து, அப்றம் கீஞ்சிச்சு. அதும் நான் தேய்ச்சதுதான்."

நான் சொல்ல வேண்டிய பதிலை அதற்குள் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். "இல்லம்மா. பழசு. கடைக்காரரே சொன்னாரு, வெட்டிப் பாத்தாலும் தெரியாதுன்னு" என்றேன். பொய் இல்லை. உண்மையா என்றும் தெரியவில்லை.

"தெரியாதுன்னாரா?" என்றாள் அம்மா. "சரி."

7

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் ஹாரி கடையில் கூட்டம். கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், அப்பாவுடையதைப் போலவே ஒரு துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வந்து, அதே அளவைக் கேட்டார். ஹாரி கையை விரித்தார். கிழவர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த நடையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நான் வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்துவந்து ஹாரியிடம் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய்க் கிழவரைக் கூப்பிட்டார். கிழவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. எனக்கு எப்படி இது கிடைத்தது என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் முடியாது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தோட்டாவுக்கு இனி என்ன ஆகும் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பெனி செய்கிறவரை செய்யும். ஹாரியின் வாளி இருக்கிறவரை இருக்கும். எங்கள் ஊரில் அதன் காலம் ஒரு ஏரியில் முடிந்தது.

டிசம்பரில் நான் வீட்டுக்குப் போனபோது, கதவுக்குப் பின்னால் வேறொரு துப்பாக்கி நின்றிருந்தது. ஒற்றைக்குழல், நடுவில் மடிகிற சாதாரணக் காவலாளித் துப்பாக்கி. டைப்ரைட்டர் என்று கிண்டல் செய்த அதே ஏட்டுதான் வழி சொல்லியிருக்கிறார். கடையில் பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம், லைசென்ஸில் மாற்றி எழுதிக்கொள்ளலாம், தோட்டா எங்கும் கிடைக்கும் என்று. அப்பா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழையதை வேட்டியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் அதைப் பழைய இரும்புக் கணக்கில் எடுத்துக்கொண்டாராம். அதே மாதிரித் துப்பாக்கி ஹாரி கடைச் சுவரில் என் அரை மாதச் சம்பள விலைக்குத் தொங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"சுட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தாச்சு. மேனேஜர் காதப் பொத்திகினான்." ஒரு கணம் சிரித்தார். பிறகு, வலது கை தன்னால் அந்த நெம்புகோலைத் தள்ளுகிற மாதிரி காற்றில் ஒரு தரம் அசைந்தது. "இது வேலைக்கு ஆவும்" என்றார்.

அம்மா அலமாரியிலிருந்து புதுத் தோட்டா டப்பாவை எடுத்து வந்தாள். சிவப்புக் கூடு, அடியில் மட்டும் மோதிரம் மாதிரி பித்தளை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. கிணற்றடியில் குடமும் குத்துவிளக்கும் துலக்கிக் காயவைத்திருந்தாள்.

"இதுல அடில மட்டும்தான் பித்தளை கீது" என்று டப்பாவை மூடினாள். "நான் தொடல."

பழையதைக் கொடுத்தது போக மேலே போட்ட பணம் ஏது என்று கேட்டேன். நான் ஃபிரிட்ஜ் வாங்க அனுப்பியதாம். சமையலறையில் அதற்கென்று ஒழித்துவைத்த மூலை காலியாக இருந்தது.

பழைய துப்பாக்கி போக, மேலே நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.